முதல் சுற்றில் வெளியேறும் பிள்ளை

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் ‘இன்ஸ்பயர் மானக்’ விருதுத் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஐந்து மாணவர்களின் யோசனைகளை அனுப்பலாம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கிய திட்டம் இது. நாடெங்கிலுமிருந்து வந்து சேரும் யோசனைகளில் ஒரு லட்சம் வரை தேர்வாகும். தேர்வானவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் விழும். அந்தப் பணத்தில் மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சியில் வைக்க வேண்டும். அங்கிருந்து மாநில அளவுக்குப் போகிறவர்கள் 10,000 பேர். தேசிய அளவுக்கு 1,000 பேர். கடைசியில் விருது வாங்குபவர்கள் 60 பேர்.

அறுபது பேரின் படம் நாளிதழில் வரும். மீதி 99,940 பேர் வீடு திரும்புவார்கள்.

பள்ளி மாணவர்களை அறிவியல் போட்டிகளுக்குக் கொண்டுவருவது எப்படி என்ற பேச்சு வந்தாலே, பரிசுத் தொகையைக் கூட்ட வேண்டும், வென்றவர்களை மேடையேற்ற வேண்டும், விளம்பரம் வேண்டும் என்றுதான் யோசனைகள் வருகின்றன. அவை எல்லாம் அந்த அறுபது பேரைச் சுற்றியே நிற்பவை. மாவட்ட அளவிலேயே வெளியேறிய பிள்ளையின் கையில் என்ன மிஞ்சியது? அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை மறுபடி வருமா, அதன் தங்கையும் தெருப் பிள்ளைகளும் வருவார்களா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் போட்டிகள் அறுபது ஆண்டுகளாக நடக்கின்றன. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், அவற்றில் சில நன்றாகத் தேறுகின்றன; சில தேறவில்லை.

தொடக்கம் நல்லதாகவே இருந்தது. 1963இல் தேசிய அறிவியல் திறனறித் தேர்வு டெல்லியில் மட்டும் சிறிதாக ஆரம்பித்தது. மறு ஆண்டே நாடு முழுவதும் விரிந்து 350 பேருக்கு உதவித்தொகை தந்தது. எழுத்துத் தேர்வும் அறிவியல் பொருளில் ஒரு கட்டுரையும் இருந்தன. அவற்றோடு மாணவர் தானே செய்த செயல்திட்டத்தின் அறிக்கையையும் கொடுக்க வேண்டும், பிறகு நேர்காணலுக்குப் போக வேண்டும். 1977இல் பத்தும் இரண்டும் மூன்றும் என்ற கல்விமுறைக்கு ஏற்ப அது தேசியத் திறனறித் தேர்வாக மாறியது. சமூக அறிவியலும் சேர்ந்ததால் வாசல் அகலமானது. ஆனால் கொள்குறி வினாக்கள் வந்தன, செயல்திட்டம் போய்விட்டது. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைத் தானாகச் செய்து பார்த்து எழுதி வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒரு தேசியத் திட்டத்திலிருந்து சத்தமில்லாமல் மறைந்தது. அது பெரிய இழப்பு. 2021க்குப் பிறகு அந்தத் தேர்வும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

செய்து பார்ப்பதற்கான இடத்தைக் கண்காட்சிகள் எடுத்துக்கொண்டன. என்.சி.இ.ஆர்.டி. 1971 முதல் தேசிய அளவில் அறிவியல் கண்காட்சி நடத்துகிறது. ராமன் விளைவு அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 28ஆம் தேதியை 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவதால், அந்த வாரம் தமிழ்நாட்டில் கண்காட்சி நடத்தாத பள்ளி குறைவு. தெர்மாகோலில் சூரியக் குடும்பம், சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலை, மழைநீர் சேகரிக்கும் அட்டை வீடு, மோட்டாரில் சுழலும் காற்றாலை என்று எல்லா மேசைகளும் நிறைந்துவிடும். பிள்ளைகள் மனப்பாடம் செய்த விளக்கத்தை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து ஒட்டிய அப்பாவும் அம்மாவும் சுவரோரம் நிற்பார்கள். செய்துவைத்த மாதிரியைக் கடையில் வாங்கி வருவதும் உண்டு.

இதைக் கேலியாகப் பார்க்க ஒன்றுமில்லை. கத்தரியும் பசையும் ஒயரும் பிடித்துப் பழகுவது நல்லதுதான். கூச்சமுள்ள பிள்ளை முன்பின் தெரியாத நூறு பேருக்கு எதிரே நின்று பேசுவது சின்ன விஷயமல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த எரிமலை பொங்கும் என்று மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைக்கும் தெரியும், அந்தப் பக்கம் நிற்கும் நடுவருக்கும் தெரியும். விடை தெரிந்த ஒன்றைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்காட்சி முடிந்தால் தெர்மாகோல் குப்பைக்குப் போகும், சான்றிதழ் கோப்புக்குள் போகும். முதல் சுற்றில் வெளியேறிய பிள்ளைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

இதற்கு மாற்று எப்படியிருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு கண்ணெதிரே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். துளிர் மாத இதழை நடத்தும் அதே இயக்கம்தான். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் வழிகாட்டி ஒருவரின் துணையோடு சிறு குழுவாகச் சேர்ந்து தங்கள் சுற்றுப்புறத்தில் உள்ள ஒரு சிக்கலை ஆராய வேண்டும். ஒரு மையக் கருப்பொருள் இரண்டு ஆண்டுகளுக்கு நிற்கும். 2014, 2015இல் அது வானிலையும் காலநிலையும். மாதிரி செய்து காட்டுவது இங்கே முக்கியமில்லை. களத்தில் எடுத்த தரவு, நாள்தோறும் எழுதிய குறிப்பேடு, ஆய்வறிக்கை, சுவரொட்டிகள், நடுவர் முன் சில நிமிடப் பேச்சு ஆகியவைதான் கேட்கப்படுகின்றன.

இந்த மாநாட்டின் விதிகளில் இரண்டு, இன்னும் பரவலாகத் தெரியவேண்டியவை. பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் அறிக்கை தந்து பேசலாம். தேசிய மேடையிலும் தமிழில் பேசலாம். அடுத்தது, பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளையும் கலந்துகொள்ளலாம். அறிவியல் என்றாலே ஆங்கில வழி, நல்ல மதிப்பெண், பணம் உள்ள வீடு என்று நம் ஊரில் போட்டு வைத்திருக்கும் வேலிகளை இந்த இரண்டு விதிகளும் பிடுங்கிப் போடுகின்றன.

இப்படிப்பட்ட ஆய்வுக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு பேச்சுக்கு, பள்ளிச் சத்துணவை எடுத்துக்கொள்வோம். மீதமாகிக் கொட்டப்படும் சோறு எந்தக் கிழமையில் அதிகம்? தினமும் பார்க்கிற ஆயாவிடம் கேட்டால் ஒரு பதில் வரும், தலைமையாசிரியரிடம் கேட்டால் வேறொன்று வரும். இரண்டும் சரியா என்று ஒரு தராசை வைத்து எட்டு வாரம் எடைபோட்டால் தெரிந்துவிடும். எடைபோட ஆரம்பித்த இரண்டாம் நாளே கேள்விகள் கிளம்பும். இன்றைக்கு வருகை குறைவு, அப்படியானால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்றுதானே கணக்கிட வேண்டும்? வாளியின் எடையைக் கழித்தோமா? வெள்ளிக்கிழமை அதிகம் மீந்தது சாதத்தின் வகையாலா, கோயில் திருவிழாவாலா? அந்த ஒரு வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி ஒருவரோடொருவர் வாதாடும் நேரத்தில் சராசரி, சார்பு மாறி, பிழை, திரும்பச் செய்தல் எல்லாம் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்து அவர்கள் கைக்குள் உட்கார்ந்துவிடும். அந்தக் குழு மாவட்டத்தோடு நின்றுவிட்டாலும், சத்துணவு அமைப்பாளரிடம் போய்ச் சொல்ல அவர்களிடம் ஒரு செய்தி இருக்கும். அதை வேறு யாரும் அதுவரை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது. நோயாளியைத் தொடாமலே, உடலைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொல்லும் ‘சிகிச்சைத் தொடுகை’ முறை 1990களில் அங்கே மருத்துவமனைகளிலும் செவிலியர் பயிற்சியிலும் புழங்கியது. எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி தன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அதைச் சோதித்தாள். நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. சிகிச்சையாளர் இரு கைகளையும் அதிலுள்ள துளைகள் வழியே நீட்டுவார். எமிலி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, விழுந்ததற்கேற்ப ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். 21 சிகிச்சையாளர்களிடம் செய்த 280 முயற்சிகளில் 123 மட்டுமே சரியாக வந்தன. அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே பாதி சரியாக இருந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியானபோது எமிலிக்கு வயது பதினொன்று. பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்த ஒன்றுக்கு ஓர் அட்டையும் ஒரு நாணயமும் போதுமாக இருந்தன. கருவியின் விலையை வைத்து ஒரு செயல்திட்டத்தை மதிப்பிடும் நடுவர்கள் இந்தச் சோதனையைப் படித்துவிட்டு வருவது நல்லது.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையாக ஒரு கேள்வி தெருவில் பிறந்தது. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2019இல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் அப்துல் கலாம் பெயரிலான ‘இக்னைட்’ விருது அதற்குக் கிடைத்தது. 2020இல் சுவீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு வந்தது. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, அந்த நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். செய்திகளில் இந்த மேடைகள்தான் பெரிதாக வந்தன. ஆனால் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கிறது. இக்னைட்டுக்குப் பிள்ளைகள் யோசனையை எழுதி அனுப்பினால் போதும், மாதிரி தேவையில்லை. யோசனை தேர்வான பிறகு அதை வண்டியாக்கிப் பார்க்க நிறுவனத்தின் பொறியாளர்கள் கூட நின்றார்கள். பணமும் பட்டறையும் இல்லாத பிள்ளை முதல் படியிலேயே வழுக்கி விழாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும்.

விண்வெளி என்ற சொல்லுக்கு நம் பிள்ளைகளிடம் எப்போதும் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் அவரது குழுவினரும் 64 கிராம் எடையில் செய்த கலாம்சாட், ‘கியூப்ஸ் இன் ஸ்பேஸ்’ போட்டியில் தேர்வாகி 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் பறந்தது. நான்கு செ.மீ. கூட இல்லாத ஒரு கனசதுரம் அது. பெரிய கல்லூரி எதுவும் பின்னால் இல்லாமல் ஓர் ஊர்ப் பையன் உலகப் போட்டியில் நுழைய முடியும் என்ற செய்தி அதனால் பரவியது.

அதைவிடப் பெரிய பாடம் ஆசாதிசாட்டில் கிடைத்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவியர் உட்பட நாடெங்கும் உள்ள 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் பங்களித்த எட்டுக் கிலோ செயற்கைக்கோள் அது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஏவப்பட்டது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வில் ராக்கெட்டின் முடுக்கமானிகள் குழம்பின. 356 கி.மீ. வட்டப்பாதையில் நிற்க வேண்டிய செயற்கைக்கோள், பூமிக்கு 76 கி.மீ. வரை தாழ்ந்து வரும் பாதையில் விழுந்து பயனற்றுப் போனது. அன்று அந்த மாணவியர் எவ்வளவு அழுதிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இஸ்ரோ காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. தோற்றது எதனால் என்று தேடுவதும் திரும்பச் செய்வதும் அறிவியலில் அன்றாட வேலை. நம் பள்ளிப் போட்டிகளோ தோற்ற சோதனைக்கு மேசையே தருவதில்லை. ‘இது வேலை செய்யவில்லை, ஏன் என்று இப்போது தெரியும்’ என்று சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண் தருகிற போட்டி அரிது.

ஒலிம்பியாட் வேறு உலகம். இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் ஆகியவற்றுக்கான உலகப் போட்டிகளுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். முதல் கட்டத் தேர்வை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. உலக இயற்பியல் ஒலிம்பியாட்டில் ஐந்து மணி நேரம் கோட்பாடு, இன்னொரு நாள் ஐந்து மணி நேரம் செய்முறை. சில வினாக்களுக்குள்ளேயே ஒரு நாள் முழுவதும் மூழ்கிக்கிடக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அணியில் இடம் கிடைக்காதவருக்கும் அந்த வினாக்களோடு மல்லுக்கட்டிய பழக்கம் மிஞ்சும். ஆனால் பல தனியார் பள்ளிகளில் ஒலிம்பியாட் என்ற பெயரில் கட்டணம் வசூலித்து நடப்பவை பெரும்பாலும் முப்பது, ஐம்பது கொள்குறி வினாக்கள் கொண்ட வணிகத் தேர்வுகள். உலக ஒலிம்பியாட்டுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்குப் பதக்கம் வந்துவிடும். பெற்றோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது.

போட்டிகள் இருக்கின்றன, பணமும் ஓரளவு இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கமே வருவதில்லை?

முதல் காரணம் நேரம். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும் பள்ளிகள் உண்டு. பிளஸ் ஒன்னுக்கு வந்தால் நீட், ஜே.இ.இ. பயிற்சி. எட்டு வாரம் சோறு எடைபோடும் வேலைக்கு அங்கே இடமில்லை. விளையாட்டில் மாநில அளவில் வென்றவருக்குக் கல்லூரியில் தனி இட ஒதுக்கீடு உண்டு; ஆய்வுச் செயல்திட்டத்தில் மாநில அளவுக்குப் போனவருக்கு அப்படிப் பொதுவாக எதுவும் இல்லை. வீட்டில் கேட்கும் ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்விக்குப் பிள்ளையால் பதில் சொல்ல முடிவதில்லை.

அதற்காகச் சலுகைகளை அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. அமெரிக்காவில் 1942 முதல் நடக்கும் அறிவியல் திறன் தேடல் போட்டிக்கு இப்போது முதல் பரிசு 2,50,000 டாலர். ஷெல்டன் கிளாஷோ, ரோல்ட் ஹாஃப்மன், ஃபிராங்க் வில்செக் என்று பின்னாளில் நோபல் பெற்றவர்கள் பள்ளி வயதில் அந்தப் போட்டியில் தேறியவர்கள். பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கோடைக்காலம் முழுக்க இடம் கிடைத்த பிள்ளைக்கும், அப்படி யாரையும் தெரியாத பிள்ளைக்கும் உள்ள தூரம் அங்கே நெடுநாளாக விவாதப் பொருளாக இருக்கிறது. பரிசு பெரிதாக ஆக, பெற்றோரின் கையும் பெரிதாக நீள்கிறது. நம் ஊரில் மதிப்பெண் சலுகை வந்தால் செயல்திட்டம் எழுதித் தரும் கடைகள் மறுநாளே திறந்துவிடும்.

இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அது ஆசிரியர். எந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் ஆண்டுதோறும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வருகிறார்களோ, அங்கே மாலை ஐந்து மணிக்குப் பிறகும் பள்ளியில் இருக்கும் ஓர் ஆசிரியரோ ஆசிரியையோ இருப்பார். அவர் மாறுதலாகிப் போனால் பள்ளியும் போட்டியிலிருந்து காணாமல் போகும். வழிகாட்டி ஆசிரியர் மாவட்டத் தலைநகருக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் பெரும்பாலும் அவர் சட்டைப் பையிலிருந்தே போகின்றன. மாணவிகளை வெளியூருக்கு அனுப்பப் பெற்றோர் சம்மதிப்பது, கூடவே ஆசிரியை வருகிறாரா என்பதைப் பொறுத்தது. வராவிட்டால் அந்தக் குழுவின் ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊர் எல்லையைத் தாண்டாது.

அரசு இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மத்திய அரசின் அடல் சோதனைக் கூடங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரமும் உணரிகளும் பள்ளிக்குள் வந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு எளிய பொருள்களோடு கருத்தாளர் ஒருவர் தேடி வந்து சோதனை செய்துகாட்டுகிறார். கருத்தாளர்கள் 700க்குச் சற்று மேல் என்பதால் ஒருவருக்குப் பதினெட்டுப் பத்தொன்பது பள்ளிகள். மாதத்தில் ஒரு முறை வந்து போவதற்கே நாள் சரியாக இருக்கும். இருந்தாலும் இரண்டு முறைகளில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பூட்டிய அறைக்குள் தூசி படியும் இயந்திரத்தால் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்கப் பழகாது. வந்து நின்று ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்கும் ஆளால் பழகும்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். வழிகாட்டி ஆசிரியருக்கு வாரம் இரண்டு பாடவேளை இதற்கென்று ஒதுக்கலாம். பயணச் செலவைப் பள்ளி மானியத்திலிருந்து முன்பணமாகவே கொடுக்கலாம். அறிவிப்பு அக்டோபரில் வந்து நவம்பரில் மாவட்டப் போட்டி என்றால் மாதிரி ஒட்டத்தான் நேரமிருக்கும். ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதமே கருப்பொருளைச் சொல்லிவிட்டால் ஒரு பருவமழையையாவது பிள்ளைகளால் அளந்து பார்க்க முடியும். பக்கத்துக் கலைக் கல்லூரியின் விலங்கியல், வேதியியல் துறைகள் மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவிட்டால் பல குழுக்களின் தண்ணீர்ப் பரிசோதனை ஊகத்திலிருந்து அளவீட்டுக்கு நகரும்.

நடுவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போது மாவட்ட அளவில் தோற்ற குழுவுக்குத் தெரிவது, அறிவிப்புப் பலகையில் தங்கள் பெயர் இல்லை என்பது மட்டும்தான். எதனால் என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று வரி எழுதிக் கொடுக்கலாம்: எது நன்றாக இருந்தது, எந்த அளவீடு ஐயத்துக்குரியது, அடுத்து எதைச் செய்து பார்க்கலாம். ஐம்பது குழுக்களுக்கு எழுத ஒரு நடுவருக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆகும். மாநாட்டின் கருப்பொருள் இரண்டு ஆண்டுகளுக்கு நிற்பதால், அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு அதே குழு அதே கேள்வியோடு மறு ஆண்டும் வரலாம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏதாவது ஒன்று இந்த ஆண்டே இதைத் தொடங்கிப் பார்க்க அரசாணை எதுவும் தேவையில்லை; நடுவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்கட்டும் ஒரு பேனாவும் கொடுத்தால் போதும்.